டயர் அழுத்த சென்சார்: எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது?

வாசகர் கேள்வி – பதில்

கார் டயர்களின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார்களைப் பற்றிப் பல கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் காரில், சாவியைத் திருப்பியதும் குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி உள்ள மஞ்சள் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டு மின்னுகிறது, பிறகு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. நான்கு டயர்களிலும் காற்று சரியாகவே உள்ளது. நான்கு சென்சார்களையும் மாற்ற வேண்டும் என்று கூறி, ஏறக்குறைய இரண்டு புதிய டயர்களின் விலையைக் கேட்கிறார்கள். இதைக் குறைந்த செலவில் முடிக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வண்டியைக் கிளப்பியவுடன் மின்னாமல் நேராக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். உங்கள் காரில் நடப்பதைப் போல ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், அது காற்றுக் குறைவைச் சொல்லவில்லை. சென்சார்களில் ஒன்றோ பலவோ பேசுவதை நிறுத்திவிட்டன, அல்லது அவை பேசுவது காரின் கணினிக்குக் கேட்கவில்லை என்று பொருள்.

எட்டு ஆண்டு வயதான சென்சார் பேசுவதை நிறுத்தினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் பேட்டரியைத்தான். ஒவ்வொரு ரிம்மின் உட்புறத்திலும் வால்வின் அடியோடு பொருத்தப்பட்டிருக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சில்லு, சக்கரம் சுழல்வதை உணரும் கருவி, ஒரு குட்டி ரேடியோ, நாணய வடிவ லித்தியம் பேட்டரி ஆகியவை இருக்கின்றன. கார் நிற்கும்போது பெரும்பாலும் உறங்கிக்கொண்டும், ஓடும்போது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் அனுப்பிக்கொண்டும் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கிறது.

அதற்காக, நான்கையும் உடனே மாற்றியாக வேண்டும் என்பதில்லை. டயரைக் கழற்றாமலேயே, வால்வுக்கு அருகில் ஒரு கையடக்கக் கருவியைக் காட்டி ஒவ்வொரு சென்சாரையும் எழுப்பிப் பார்க்கலாம். உயிருள்ள சென்சார் தன் அடையாள எண், டயரின் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைச் சொல்லும். சில வகைகள் பேட்டரி தளர்ந்துவிட்டதையும் தெரிவிக்கும். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துச் சில நிமிட வேலைதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் தொகை சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள். எந்தச் சக்கரம் ஊமையாகிவிட்டது என்பது உறுதியாகத் தெரியாமல் டயரைப் பிரிக்கத் தொடங்கினால், நல்ல சென்சாரைக் கழற்றி எறிவதும் நடக்கும்.

இனி செலவு. உங்களிடம் சொல்லப்பட்ட தொகையில் மூன்று செலவுகள் கலந்திருக்கின்றன: சென்சாரின் விலை, டயரைப் பிரித்து, மீண்டும் மாட்டி, பேலன்ஸ் செய்யும் கூலி, புதிய சென்சாரின் அடையாள எண்ணைக் காருக்கு அறிமுகம் செய்யும் கூலி. மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கார் நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் பிறர் விற்கும் வெளிச்சந்தைச் சென்சாரால் முதல் செலவையும், சில கார்களில் மூன்றாவதையும் குறைத்துவிட முடியும். இரண்டாவதை மட்டும் பேரம் பேசிப் பெரிதாகக் குறைக்க முடியாது. காலத்தைச் சரியாகத் தேர்ந்தால் அதை முற்றிலும் தவிர்க்கலாம். டயர் தேய்ந்து புதியது போடும் நாளில் எப்படியும் டயர் பிரிக்கப்படும், பேலன்ஸும் செய்யப்படும். அன்றைக்கே சென்சாரையும் மாற்றினால், அதற்கென்று தனிக் கூலி கேட்க நியாயம் மிகக் குறைவு.

ஆகவே உங்கள் டயர்களின் நிலையைப் பாருங்கள். இன்னும் சில மாதங்களில் டயர் மாற்ற வேண்டியிருந்தால் அதுவரை பொறுத்திருந்து, அப்போது நான்கு சென்சார்களையும் ஒன்றாக மாற்றுவதே என் யோசனை. ஒரே நாளில் பிறந்த நான்கு பேட்டரிகளில் ஒன்று தீர்ந்தால் மற்றவை நெடுநாள் பின்தங்காது. டயர்களில் பாதிக்கு மேல் உயிர் இருந்தால், இறந்துபோன ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். பொறுத்திருக்கும் காலத்தில் கார் ஓடுவதற்குத் தடையில்லை என்றாலும் உங்களை எச்சரிக்க யாருமில்லை என்பதை மறக்காமல், ஒரு நல்ல அழுத்தமானியை வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும் நீங்களே அளந்து பார்க்க வேண்டும்.

இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் செல்லாது. எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் 2012 ஜனவரி 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் இந்த அமைப்பு பழுதென்று விளக்கு காட்டினால் ஆண்டுப் பரிசோதனையில் கார் தேறாது. உங்கள் இடத்து விதி எப்படியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: நிறுவனத்தின் அசல் சென்சாரைவிட மிகக் குறைந்த விலையில் வெளிச்சந்தையில் சென்சார்கள் கிடைக்கின்றன. அவற்றை நம்பலாமா? ‘புரோகிராம் செய்யக்கூடியது’, ‘குளோன் செய்யலாம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அவற்றின் பொருள் என்ன?

பதில்: பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் வெளிச்சந்தைச் சென்சாரைத் தயங்காமல் நம்பலாம். கார் நிறுவனங்களுமே பெரும்பாலும் சென்சார்களைத் தாமே செய்வதில்லை. அதற்கென்று இருக்கும் உதிரிபாகத் தயாரிப்பாளர்களிடம் வாங்கித்தான் தங்கள் பெயர் பொறித்த பெட்டியில் போட்டு விற்கின்றன. தயாரிப்பாளரின் பெயரோ உத்தரவாதமோ இல்லாமல், நான்கு சேர்ந்து ஒன்றின் விலைக்கு வருபவற்றைத்தான் ஒதுக்க வேண்டும். அவை பழுதானால் இழப்பு சென்சாரோடு நிற்பதில்லை. டயரை மறுபடியும் பிரிக்கும் கூலி உங்கள் தலையில்தான் விழும்.

சென்சார் உங்கள் காரோடு பேச மூன்று பொருத்தங்கள் தேவை. முதலாவது அலைவரிசை. வட அமெரிக்காவுக்கான கார்களில் பல 315 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ஐரோப்பாவுக்கும் வேறு பல நாடுகளுக்குமான கார்கள் 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால் கார் எதையும் கேட்காது. வேறு நாட்டிலிருந்து இறக்குமதியான காரை வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இரண்டாவது, தகவலை அடுக்கி அனுப்பும் முறை. இது காருக்குக் கார், சில வேளைகளில் ஒரே காரின் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூன்றாவது, சென்சாரின் தனி அடையாள எண். பக்கத்தில் செல்லும் காரின் டயரைத் தன்னுடையது என்று உங்கள் கார் எண்ணிவிடாமல் காப்பது இந்த எண்தான்.

புரோகிராம் செய்யக்கூடிய சென்சார் ஒரு வெற்றுப் பலகை போன்றது. உங்கள் காரின் தயாரிப்பு, மாடல், ஆண்டு ஆகியவற்றைக் கடைக்காரர் தன் கருவியில் தேர்ந்ததும், அதற்குரிய மொழி அதில் எழுதப்படும். குளோன் செய்வது என்றால், பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதில் பதிவது. காரைப் பொறுத்தவரை எதுவுமே மாறாததால், தனியாக அறிமுகம் செய்யும் வேலையும் அதற்கான கூலியும் பெரும்பாலும் மிச்சமாகும். பழைய சென்சார் முற்றிலும் இறந்து கருவிக்குப் பதில் சொல்லாவிட்டாலும், பல சென்சார்களின் உடம்பிலேயே எண் அச்சிடப்பட்டிருக்கும்; டயரைப் பிரித்தபின் அதைப் பார்த்துப் பதிந்துகொள்ளலாம். ஒரே எண்ணுடைய இரண்டு சென்சார்கள் ஒரே காரில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உயிருள்ள பழைய சென்சாரைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டுப் போனால், கார் குழம்புவது அதன் குற்றமாகாது. குளிர்நாடுகளில் பனிக்கால டயர்களுக்கென்று இரண்டாவது சக்கரத் தொகுதி வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பெரிதும் உதவும்: இரு தொகுதிகளுக்கும் ஒரே எண்கள் இருந்தால், பருவந்தோறும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் காரின் கையேட்டில் அறிமுகம் செய்யும் முறையைத் தேடிப் படியுங்கள். சில கார்கள் புதிய எண்ணைச் சிறிது தூரம் ஓட்டும்போது தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் மெனுவில் ஒரு தேர்வைச் செய்துவிட்டு, சக்கரங்களைக் குறிப்பிட்ட வரிசையில் ஒவ்வொன்றாகக் கருவியால் எழுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஹாரன் ஒலிக்கும். இன்னும் சிலவற்றில், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கண்டறியும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி எண்களை எழுதியே ஆக வேண்டும். முதல் வகைக் கார் உங்களுடையது என்றால், அறிமுகத்துக்கென்று யாராவது தனிக் கட்டணம் கேட்கும்போது கையேட்டைத் திறந்து காட்டலாம். மூன்றாம் வகை என்றால் குளோன் செய்வதே உங்களுக்குச் சிக்கனம்.

கேள்வி: என் காரிலும் இதே விளக்கு எரிகிறது. ‘சென்சார் போய்விட்டது’ என்கிறார் டயர் கடைக்காரர். ஆனால் பஞ்சர் பார்த்தபோது ரிம்முக்குள் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பதில்: உங்கள் நினைவு சரியாகவே இருக்கலாம். எல்லாக் கார்களிலும் டயருக்குள் சென்சார் இருப்பதில்லை; இருந்தால் அது நேரடி வகை. மறைமுக வகை என்று ஒன்று உண்டு. காற்று குறைந்த டயர் சற்றே அமுங்குவதால் அதன் சுழல் ஆரம் சிறுத்து, மற்ற சக்கரங்களைவிட அது வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் பிரேக்குக்காக (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஏற்கெனவே உள்ள வேக உணரிகள் அந்த வேறுபாட்டைக் கண்டு விளக்கை எரியவைக்கும். இந்த வகையில் மாற்றுவதற்கு டயருக்குள் எதுவுமே இல்லை. நான்கு டயர்களையும் குறித்த அளவுக்கு நிரப்பிவிட்டு, பொத்தானையோ மெனுவையோ பயன்படுத்தி ரீசெட் செய்தால் போதும். டயர் மாற்றிய பிறகும், சக்கரங்களை இடம் மாற்றிய பிறகும், காற்று நிரப்பிய பிறகும் இதைச் செய்ய வேண்டும். அதன் பிறகும் விளக்கு மின்னினால் பார்க்க வேண்டியது ஏபிஎஸ் அமைப்பை.

டேஷ்போர்டில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் எண்ணாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நேரடி வகை; எண் எதுவும் காட்டாமல் ரீசெட் மட்டும் இருந்தால் மறைமுக வகையாக இருக்கலாம். வால்வு ரப்பராக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ரப்பர் வால்வோடு பொருத்தும் சென்சார்களும் உண்டு.

கேள்வி: தீர்ந்தது பேட்டரி மட்டும்தான் என்றால், முழுச் சென்சாரையும் ஏன் மாற்ற வேண்டும்? மின்னணு வேலை தெரிந்த என் மைத்துனர், பெட்டியை அறுத்துப் புதிய பேட்டரியைப் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: உங்கள் மைத்துனரின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மேசை மீது அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சென்சார் வாழும் இடத்தை எண்ணிப் பாருங்கள். கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ரிம்மில் உள்ள ஒரு பொருளின் மீது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 150 மடங்கு விசை வெளிநோக்கி இழுக்கிறது. 30 கிராம் எடையுள்ள சென்சார் நான்கரைக் கிலோ எடையைப் போல நடந்துகொள்ளும். பிரேக்கின் சூடும் வெயிலின் சூடும் சேரும் அந்த இடத்துக்காகவே, 125 பாகை செல்சியஸ் வரை தாங்கும் தனி வகைப் பேட்டரியை உள்ளே வைத்து, பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண நாணயப் பேட்டரிகள் அந்த வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அறுத்த இடத்தை மீண்டும் அதே உறுதியோடு மூடுவதும் எளிதில்லை. எல்லாம் சரியாக வந்தாலும் டயரைப் பிரித்து மாட்டும் கூலி அப்படியே இருக்கிறது. அது இரண்டாம் முறை வந்தால் மிச்சம் பிடித்தது அத்தனையும் கரைந்துவிடும். பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பவர்கள் செய்யட்டும். சிக்கனத்துக்காக என்றால் வேண்டாம்.

கேள்வி: பழைய கார்களிலிருந்து கழற்றிய சென்சார்களை வாங்கலாமா? வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார்கள் எப்படி?

பதில்: பழையதை வாங்க வேண்டாம். வாங்குவது சென்சாரை அல்ல, பேட்டரியில் மிச்சமிருக்கும் ஆயுளை. அதை வெளியிலிருந்து அளந்து சொல்ல நம்பகமான வழி இல்லை. நானும் ஒரு முறை பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நான்கு வாங்கி மாட்டி, அடுத்த பருவத்துக்குள் இரண்டு ஊமையாகி, மறுபடியும் டயரைப் பிரித்தவன்தான். உடைப்பதற்கு வந்த விபத்துக் காரிலிருந்து எடுத்தது, ஓராண்டுக்கு உட்பட்டது, தயாரிப்புத் தேதி மேலேயே அச்சாகியிருக்கிறது என்று எல்லாம் கூடிவந்தால் வேறு கதை.

மூடி வகைச் சென்சார்களைப் பொறுத்தவரை பதில் உங்கள் காரைப் பொறுத்தது. தொழிற்சாலையிலேயே இந்த வசதி இல்லாமல் வந்த காருக்கு, டயரைப் பிரிக்காமல் பொருத்தக்கூடிய மிக மலிவான வழி இதுதான். பேட்டரியையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். வசதி உள்ள காரில் இதை மாட்டினால், தனித் திரையில் அழுத்தம் தெரியுமே தவிர டேஷ்போர்டு விளக்கு அணையாது. இரண்டு எச்சரிக்கைகள்: இந்த மூடிகள் அழுத்தத்தை அளப்பதற்காக வால்வின் ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் டயரின் காற்றே வெளியேறும், மாட்டியதும் சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். மேலும், சுழலும்போது அவற்றின் எடை நீளமான ரப்பர் வால்வை வளைத்து நாளடைவில் விரிசல் விழச் செய்யும் என்பதால், உலோக வால்வு உள்ள சக்கரத்துக்கே அவை ஏற்றவை.

இதோடு இன்னொரு தந்திரத்தையும் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். நான்கு சென்சார்களையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து, காற்று நிரப்பி மூடி, டிக்கியில் வைத்துவிட்டால் விளக்கு எரியாதாம். உண்மைதான், எரியாது. டயர் தட்டையாகி ரிம் தரையில் உரசும்போதும் எரியாது.

கேள்வி: டயர் மாற்றும்போதெல்லாம் சென்சாருக்குச் ‘சர்வீஸ் கிட்’ என்று ஒன்றைப் பில்லில் சேர்க்கிறார்கள். இது தேவையற்ற செலவுதானே?

பதில்: இல்லை. இந்தப் பக்கத்தில் வந்த செலவுகளிலேயே நான் வாதாடாமல் கொடுக்கச் சொல்வது இது ஒன்றைத்தான். உலோக வால்வு உள்ள சென்சாரில் காற்றை அடைப்பது ஒரு சிறு ரப்பர் வளையம். ஒரு முறை இறுக்கி அமுங்கிய வளையம் மறுமுறை அதே இடத்தில் அமராது. அந்த வளையம், நட்டு, வால்வு ஊசி, மூடி ஆகியவை சேர்ந்ததே அந்தக் கிட். சென்சாரின் விலையில் அது ஒரு சிறு துளி.

வால்வு ஊசியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலுமினிய வால்வுக்குள் சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டால், ஈரமும் உப்பும் சேரும்போது இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு ஊசி உள்ளேயே இறுகிவிடும். பிறகு அதைத் திருகி எடுக்க முயன்றால் வால்வு முறியும். நிக்கல் பூசிய ஊசி இதைத் தவிர்க்கும். அழகுக்காக மாட்டும் உலோக மூடிகளும் இதே விதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடியே மேல். நல்ல சென்சார்கள் அகால மரணமடைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இத்தகைய கைத்தவறுகள்தாம். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் எந்திரத்தின் தட்டு வால்வுக்கு அருகே இறங்கினால் சென்சார் நொறுங்கும். அளவு பாராமல் நட்டை இறுக்கினாலும் உடையும். பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றினால் சென்சாரின் நுண்துளை அடைபடலாம். சென்சாருக்குக் கேடில்லாதது என்று குறிப்பிட்ட திரவத்தையே பயன்படுத்துங்கள். ஊற்றியாகிவிட்டது என்றால் அடுத்து டயர் பிரிக்கும்போது ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிய சென்சார்கள் மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. குளிர்ந்த காலைகளில் விளக்கு எரிகிறது, மதியத்தில் அணைந்துவிடுகிறது. சென்சார் போலியா?

பதில்: சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறைந்தால் கார் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஓடிச் சூடேறியதும் மீண்டும் ஏறும். உங்கள் டயரில் காற்று ஏற்கெனவே எல்லையை ஒட்டி இருந்ததால், அதிகாலைக் குளிர் அதைக் கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது. ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள எண் உச்ச வரம்பு. நிரப்ப வேண்டிய அளவு அதுவன்று. விளக்கு எரியாதவரை எல்லாம் நலம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க விதிப்படி, குறித்த அளவில் 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 32 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 24 பிஎஸ்ஐக்கு இறங்கும்வரை அது வாய் திறக்காமல் இருக்க முடியும்.

கேள்வி: சென்சாரை நானே வாங்கிக்கொண்டு போனால் கடையில் பொருத்தித் தருவார்களா?

பதில்: தருபவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. மறுப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. நீங்கள் கொண்டுவந்த பொருள் ஒரு வாரத்தில் பழுதானால், இரண்டாம் முறை டயரைப் பிரிக்கும் கூலி யாருடையது என்ற சண்டையில் அவர்கள் சிக்க விரும்புவதில்லை. பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, அந்தச் சென்சாரைத் தங்கள் கருவியால் புரோகிராம் செய்ய முடியுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கருவியும் எல்லாச் சென்சாருக்கும் எழுதாது. விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் அவர்களிடமே வாங்கி, சென்சாருக்கும் கூலிக்கும் சேர்த்து உத்தரவாதம் எழுதி வாங்குவது மேல். டயருக்குள் வைப்பதற்கு முன் புதிய சென்சாரைக் கருவியால் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். சில கார்களில் ஸ்டெப்னியிலும் ஐந்தாவது சென்சார் இருக்கும். நான்கையும் மாற்றிய பிறகும் விளக்கு மின்னினால் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.